எங்கள் வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள்: பினாங்கு கொங்சி ஒன்றின் அறங்காவலர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த மாதம் 7ஆம் தேதி, வழக்கம்போல வாடகைப் பணத்தோடு, ஒரே குலப்பெயர்ச் சீனர்களின் சங்கமான உங்கள் கொங்சியின் அலுவலகத்துக்கு வந்தேன். மேசையில் இருந்த பெண் பணத்தைத் தொடவில்லை. எங்கள் ஒன்பது வீட்டு வரிசைக்கு இனி ரசீது எழுத வேண்டாம் என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. பத்து நாள் கழித்து ஒன்பது கதவுகளிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். 90 நாளில் காலி செய்ய வேண்டும், வரிசை முழுவதும் ஒரே நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போகிறது, அங்கே தங்கும் விடுதி வரப்போகிறது. அதில் இருந்தது அவ்வளவுதான். யாருடைய பெயரும் இல்லை. 'குடியிருப்போர்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள்.

மலாயில் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால் இப்போது ஊரறிய, என் மொழியில் எழுதுகிறேன். எங்கள் வரிசையில் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களும் நிறையப் பேர். உங்கள் பழைய கணக்கர் உயிரோடு இருந்திருந்தால், ஒருவர் வாசிக்கக் கேட்டே முழுவதையும் புரிந்துகொண்டிருப்பார். வாடகை வாங்க வரும்போது அப்பாவிடம் தமிழில்தான் பேசுவார். நாங்கள் அவரை 'ஆ பேக்' என்று கூப்பிடுவோம், உங்கள் பிள்ளைகள் கூப்பிடுவது போலவே.

நான் யார் என்று உங்கள் புதிய குழுவில் பலருக்குத் தெரியாது. மூன்றாவது கதவு, பூக்கடை. என் தாத்தா 1936இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். துறைமுகத்தில் தொங்கான் படகில் மூட்டை ஏற்றி இறக்கினார். கிங் ஸ்திரீட்டை அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் படகுக்காரத் தெரு என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து யாரையும் தெரியாமல் வந்து இறங்கியவருக்குச் சொந்த ஊர்க்காரர்கள் வாடகைக்குப் பிடித்திருந்த ஒரு மாடியில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. செட்டியார்களுக்குத் தங்கித் தொழில் செய்யக் கிட்டங்கி இருந்தது, படகுக்காரர்களுக்கு இப்படி ஒரு மாடி. உங்கள் முன்னோர்களும் ஃபுஜியானிலிருந்து அப்படித்தானே வந்தார்கள்? கையில் ஒரு மூட்டையோடு வந்த சின்கேவுக்கு, அதாவது புதிதாக வந்திறங்கிய ஆளுக்கு, படுக்க இடம், வேலைக்கு ஒரு சொல், ஊருக்குப் பணம் அனுப்ப ஒருவர், செத்தால் புதைக்க நாலு பேர். இவற்றைச் செய்வதற்காகத்தான் ஒரே குலப்பெயர்க்காரர்கள் சேர்ந்து கொங்சி வைத்தார்கள்.

தாத்தா அடிக்கடி சொன்ன கதை ஒன்று. 1941 டிசம்பர் 11, ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்ட நாள். ஜனங்கள் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு விழுந்ததும் ஓடினார்கள். தாத்தா ஓடி நுழைந்தது உங்கள் முன்வாசலில். குலத்து ஆள்தானா என்று யாரும் கேட்கவில்லை. முன்னோர் பெயர் எழுதிய பலகைகளை வைத்துக் கும்பிடும் கூடத்தில், சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் கல் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார்களாம். சண்டை முடிந்து பல வருடம் கழித்து வீடு தேடியபோது தாத்தா முதலில் போய்க் கேட்டது உங்களிடம்தான். அந்த வாசல் அவருக்குத் தெரிந்த வாசல்.

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. 1958லிருந்து உங்கள் கொங்சி கொடுத்த வாடகை ரசீதுகள் அதில் இருக்கின்றன. முதல் ரசீதில் 28 வெள்ளி (அன்றைய டாலரையும் இன்றைய ரிங்கிட்டையும் நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்). ஒவ்வொன்றிலும் உங்கள் சிவப்பு முத்திரை, கீழே தூரிகையால் எழுதிய சீன எழுத்து. பின்னால் பேனா வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் அச்சு. ஒரு மாதமும் விடுபடவில்லை. அப்பா இறந்த மாதத்து ரசீதும் இருக்கிறது. அதை நான் 9ஆம் தேதி கட்டினேன். இரண்டு நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபோது ஆ பேக் எனக்கு, துக்க வீட்டுக்குக் கொடுக்கும் வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்தார். கடைசியாக இருக்கும் ரசீது போன மாதத்துக்கு முந்தைய மாதம். அதற்குப் பிறகு இல்லை.

நீங்கள் சட்டத்தைச் சொல்வீர்கள். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுவதும் போய்விட்டது. எங்களைப் போகச் சொல்லச் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் புத்தாண்டு எப்படி இருந்தது என்பதும் தெரியும். எங்கள் தெருவிலேயே வாடகை ஒரே மாதத்தில் நாலு மடங்கு, ஐந்து மடங்கு ஆனது. லாரியில் கட்டிலையும் சாமி படத்தையும் ஏற்றிக்கொண்டு புறநகரான ஆயிர் ஈத்தாமுக்கும் பாயா தெருபோங்குக்கும் போனார்கள். காலியான மாடிகளில் சில உரிமையாளர்கள் ஜன்னலை அடைத்து, சூப்புக்கு விற்கும் பறவைக்கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்த்தார்கள். மனிதர் இருந்த அறையில் ஒலிபெருக்கி வைத்து உழவாரன் குஞ்சு சத்தத்தைக் காலையிலிருந்து இரவு வரை ஓடவிட்டார்கள். அந்தக் கீச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது உங்கள் குழு என்ன செய்தது தெரியுமா? வாடகைதாரர் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். 90 வெள்ளியாக இருந்த வாடகையை 250 ஆக்கி, பிறகு மூன்று வருடத்தில் 400 ஆக்கலாமா என்று கேட்டார்கள். கஷ்டப்பட்டுத்தான் கட்டினோம், ஆனால் கட்டினோம். உங்கள் ஒன்பது வீட்டிலும் பறவை குடியேறவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில்கள் மூடியபோது, மூன்று மாதம் நீங்கள் வாடகை கேட்கவில்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு நான் இந்த மடலை எழுதவில்லை. இவ்வளவும் செய்த கொங்சி இன்று ஒரு வார்த்தை பேசாமல் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. குலத்துப் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். முன்னோரைக் கும்பிடும் சிங் மிங் நாளில் கல்லறைக்குப் போக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கூடத்தின் கூரையில் இருக்கும் பீங்கான் ஒட்டு வேலையைச் சரிசெய்யச் சீனாவிலிருந்து ஆள் வர வேண்டும். வீட்டு வாடகையை வைத்துத்தான் பூசையும் நடக்கிறது, பிள்ளைகளுக்குப் படிப்புதவியும் போகிறது. விடுதி நிறுவனம் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து நாங்கள் கொடுப்பதைவிடப் பல மடங்கு தரும். பணம் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பணத்துக்கு நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைக் குழுவில் யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தீர்களா?

2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்று உங்கள் வாசலில் சிங்க நடனம் ஆடினார்கள், நான் மாலை கட்டிக் கொடுத்தேன். கட்டடங்கள் அழகாக இருக்கின்றன என்பதற்காக மட்டும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. பல இனத்து மக்கள், பல மதங்கள், அவரவர் தொழிலோடும் வழக்கத்தோடும் இன்னும் ஒரே இடத்தில் வாழ்கிறார்கள் என்பதும் காரணம். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடைக்குள் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது, குவான் யின் கோயில் இருக்கிறது, 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. நால்வகை மனிதரும் சுற்றிக் குடியிருக்காவிட்டால் அவை இருந்து என்ன பயன்?

என் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகையும் கேமரன் மலைச் சாமந்தியும் விடியும் முன்பே வந்துவிடும். வெள்ளி, செவ்வாயில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். ஆனால் எனக்கு அதிக வியாபாரம் ஆகும் நாள்களில் பாதி உங்கள் நாள்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் குவான் யின் கோயிலுக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்பா அந்தத் தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார். நானும் அப்படித்தான் செய்கிறேன். எந்தச் சாமிக்கு எந்தப் பூ ஆகும், வீட்டில் துக்கம் என்றால் எது வேண்டாம் என்று உங்கள் ஹொக்கியன் மொழியில் சொல்ல எனக்குத் தெரியும். பாயா தெருபோங்கில் பதினேழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கடையை நடத்த முடியாது. எனக்கு நஷ்டஈடு கொடுக்கலாம். நடந்து வந்து பூ வாங்கும் உங்கள் கிழவிகளுக்கு என்ன கொடுப்பீர்கள்?

பக்கத்து வீட்டு ஆசாரி தாலியும் செய்வார், சீனக் குழந்தைக்கு முதல் மாதத்துக் காப்பும் செய்வார். ஆறாவது கதவில் தகர வேலை செய்பவர் ஊதுபத்தி எரிக்கும் உருளைகளை இன்னும் கையால் மடித்துச் செய்கிறார். கடைசி வீட்டில் தனியாக இருக்கும் அம்மா உங்கள் குலப்பெயரையே உடையவர். எண்பது வயதைத் தாண்டியவர். நோட்டீஸை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, முன்னோர் பலகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வி உங்களுக்கு உரியது.

தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும்போது உங்கள் ஆட்கள் தேங்காயை மூட்டை மூட்டையாக இறக்கிக் குவிப்பார்கள். எங்கள் ஆட்களைவிட அதிகமாக உடைப்பார்கள். ஏழாம் மாதம் ஆவிகளுக்கான பூசையில் நாடக மேடைக்குப் பணம் திரட்டும்போது எங்கள் கதவையும் தட்டுவீர்கள். அப்பா ஒரு வருடமும் இல்லை என்று சொன்னதில்லை. நானும் தம்பியும் அந்த மேடைக்கு முன்னால், முதல் வரிசைச் சிவப்பு நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். முதல் வரிசை யாருக்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் உங்கள் கூடத்தின் முற்றம் நிரம்பியபோது வாளியோடு முதலில் ஓடி வந்தது யார் என்று காவலாளியிடம் கேட்டுப் பாருங்கள். ஆசாரி மகன், நான், தகரக்காரர். உங்கள் குழுவினர் தூரத்தில் இருந்ததால் விடிந்த பிறகுதான் வர முடிந்தது. குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் குடியிருந்தால் ஒரு பழைய கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஓடு நகர்ந்தால் மேலே ஏறுவதும், சுவரில் ஆலஞ்செடி முளைத்தால் அன்றே பிடுங்குவதும் நாங்கள்தான். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்று அப்பாவுக்கு உங்கள் கொத்தனார்தான் சொல்லிக்கொடுத்தார். அதைக் கேட்டு அறுபது வருடமாகச் சுண்ணாம்பு மட்டுமே அடித்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடத்தில் அமைக்கப்போகும் காட்சியகத்துக்கான விளக்கப் பலகைகளின் மாதிரியை முன்வாசலில் வைத்திருந்தீர்கள். நின்று படித்தேன். குலத்தவர் கடல் தாண்டி வந்தது, கூடம் கட்டியது, பள்ளி நடத்தியது எல்லாம் இருக்கிறது, நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வீடுகளைப் பற்றி ஒரே வரி: குலத்தவர் குடியிருக்கக் கட்டப்பட்டவை. அவ்வளவுதான். எழுபது வருடமாக அங்கே இருந்த தமிழர்களும் முஸ்லிம்களும், வேறு குலப்பெயர்ச் சீனர்களும் அந்தப் பலகையில் இல்லை. பினாங்கில் யாரும் தனித்தனிப் பெட்டியில் வாழ்ந்ததில்லை. 1867 கலவரத்தில்கூட, சீன ரகசியச் சங்கங்களில் கீ ஹின் வெள்ளைக்கொடிச் சங்கத்தோடும், துவா பெக் கொங் சிவப்புக்கொடிச் சங்கத்தோடும் சேர்ந்துதானே மோதின? அந்தக் கொடிகளின் கீழ் நின்றவர்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும். சண்டையிலேயே கலந்து நின்ற ஊரில், சமாதானத்தில் சேர்ந்து வாழ்ந்ததை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

கொங்சி என்ற சொல் உங்களிடமிருந்து வந்தது. மலாயில் அது 'பகிர்ந்துகொள்வது' ஆகி, எங்கள் பேச்சிலும் கலந்துவிட்டது. சாப்பாடு ஒன்றுதான் இருக்கிறது என்றால் கொங்சி போட்டுச் சாப்பிடலாம் என்கிறோம். என் பேத்திக்குக் கொங்சி என்றால் இந்த அர்த்தம்தான் முதலில் தெரியும். உங்கள் கட்டடம் அப்புறம்தான். மாண்டரினில் இன்று அதே சொல் கம்பெனியைக் குறிக்கிறது என்று ஆ பேக் சொல்லியிருக்கிறார். உங்கள் வாசல் பலகையில் இருக்கும் சொல்லுக்கு நாங்கள் எந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இனி, நாங்கள் கேட்பவை. ஏழு குடும்பமும் என் கடையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இது.

முதலில் நோட்டீஸை நிறுத்தி வையுங்கள். விடுதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று கேள்விப்பட்டோம். அப்படியானால், வாடகைதாரர் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்துப் பேசும்வரை கையெழுத்திடாதீர்கள். வீட்டின் பயன்பாட்டை மாற்ற மாநகராட்சியிடம் விண்ணப்பம் கொடுத்திருந்தால் அதையும் அதுவரை தள்ளி வையுங்கள். கூட்டம் மலாயில் நடக்கட்டும். கடைசி வீட்டு அம்மாவுக்கு ஹொக்கியனில் சொல்ல ஆள் வேண்டும், தமிழில் சொல்வதற்கு நான் இருக்கிறேன்.

வாடகையை ஏற்றுங்கள். இப்போது நாங்கள் வீட்டுக்கு மாதம் கொடுப்பது 1,200 வெள்ளி. கடை வைத்திருப்பவர்கள் அடுத்த ஆண்டு 1,500, அதற்கடுத்த ஆண்டு 1,800 தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக ஐந்து வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கடைசி வீட்டு அம்மாவுக்கு மட்டும் அவர் உயிரோடு இருக்கும்வரை பழைய வாடகையே இருக்கட்டும். அந்தக் குறையை மற்ற ஆறு பேரும் பங்கிட்டுக் கட்டுகிறோம். காலியாக இருக்கும் இரண்டு வீட்டையும் விடுதியாக்க விரும்பினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கூரை வேலைக்குப் பணம் போதவில்லை என்றால், இந்த நகரத்தில் பழைய கட்டடம் பழுதுபார்க்க மானியம் பெற்ற சங்கங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமானால் என் மகள் எழுதித் தருவாள், அவளுக்கு அந்த வேலை தெரியும்.

உங்கள் பழைய வாடகைப் புத்தகங்கள் பின்கட்டில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. போன வருடம் வெள்ளையடித்தபோது பார்த்தேன், ஓரத்தில் கரையான் ஏறியிருந்தது. அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். யார் எந்த வீட்டில், எந்த வருடத்திலிருந்து, எவ்வளவுக்கு இருந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. உங்கள் ஆ பேக் கையால் எழுதியது. படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள், ஒரு பிரதி காட்சியகத்தில் வையுங்கள். என் டின்னில் இருக்கும் ரசீதுகளையும் அதற்காகத் தருகிறேன். ஒன்பது வீடுகளைப் பற்றிய அந்த ஒரு வரியை, எங்களிடம் கேட்டு, திருத்தி எழுதுங்கள்.

வரும் 7ஆம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கு வருவேன். ஏழு வீட்டு வாடகையும், போன மாதம் நீங்கள் வாங்காமல் விட்டதும் என்னிடம் இருக்கும். தயவுசெய்து வாங்கிக்கொண்டு ரசீது போடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது கதவு, பூக்கடை